ஆயிற்றா, போயிற்றா?

ஆடிப்பூரத் திருவிழா நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் கூடும் பெருங்கூட்டத்தைக் கண்டவர்கள், அங்கே தாகம் தீர்ப்பதற்கென்றே ஒரு தனி உலகம் இயங்குவதையும் கண்டிருப்பார்கள். ஒருபுறம் அடியார்கள் அமைத்த தண்ணீர்ப் பந்தல்களில் பானகமும் நீர்மோரும் வழங்கப்படும். மறுபுறம் நன்னாரி சர்பத் வண்டிகள் நிற்கும். உமியிலும் சாக்கிலும் பொதிந்து வைத்த ஐஸ் பாளத்திலிருந்து வியாபாரி சிறு சிறு துண்டுகளாக உடைத்துக் குவளைகளில் இடுவார். இராஜபாளையத்திலிருந்து பேருந்தேறித் தேர் சேவிக்க வந்த ஒரு குடும்பத்துச் சிறுமி, அந்தக் குவளையைக் கையில் ஏந்தியபடி, குடிக்க மறந்து உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பதாகக் கொள்ளலாம். கட்டி சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் காணாமல் போகிறது. “ஐஸ் எங்கேம்மா?” என்று கேட்கிறாள். “தண்ணியாப் போச்சு” என்று தாய் விடையளித்துவிட்டு வடம் பிடிக்கும் ஆரவாரத்தின் பக்கம் திரும்பிவிடுகிறாள்.

அந்த எளிய விடைக்குள் தமிழ்மொழி ஒரு பெரிய வழக்கையே ஒளித்து வைத்திருக்கிறது. தண்ணீர் ‘ஆயிற்று’ என்பது ஒன்று. ஐஸ் ‘போயிற்று’ என்பது வேறொன்று. முன்னதில் ஒரு பொருள் மற்றொரு நிலையை அடைந்திருக்கிறது. பின்னதில் ஒரு பொருள் அழிந்திருக்கிறது. பேச்சுவழக்கு இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆயிற்றா, போயிற்றா என்று பிரித்துக் கேட்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இது குழந்தை விளையாட்டான வினா அன்று. ஒரு ஸ்ரீவைஷ்ணவ இல்லத்தில் பெரியவர் ஒருவர் காலமானால், ‘பரமபதித்தார்’ என்றோ, ‘ஆசாரியன் திருவடி அடைந்தார்’ என்றோ சொல்வதுதான் வழக்கம். இல்லாமற்போனார் என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் பதின்மூன்றாம் நாள் கடந்து, வந்த உறவினர் அனைவரும் ஊர் திரும்பிய பிறகு, வெறுமையாகக் கிடக்கும் ஊஞ்சல் பலகையைப் பார்க்கும் மனைவியின் உள்ளத்திலோ மகனின் உள்ளத்திலோ அந்தச் சிறுமியின் கேள்வி எழாமலிராது. அடைந்தவர் இன்னும் அவராகவே இருக்கிறாரா? தம்மை ‘அடியேன்’ என்று சொல்லிக்கொண்ட அந்த ஒருவர் அங்கும் அவ்வாறு சொல்கிறாரா? அன்றி, வெந்நீரில் விழுந்த பனித்துண்டுபோல் பேரும் வடிவும் அற்றுக் கரைந்தே போனாரா? கரைந்து போனார் என்பதே உண்மையாயின், இத்தனை பாசுர ஸேவையும் இத்தனை கைங்கர்யமும் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும் ஒரு முயற்சியாக அல்லவா முடியும்!

முதலில் குவளையில் நடப்பது என்னவென்று பார்த்துவிடுவது நல்லது. பனிக்கட்டி உருகுகையில் நீரின் நுண்துகள்களில் ஒன்றேனும் அழிவதில்லை. ஒன்றேனும் புதிதாய்ப் பிறப்பதுமில்லை. கட்டியாய் இருந்தபோது அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இடையிடையே வெற்றிடம் விட்டு, தேன்கூட்டின் அறைகளைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. அதனால்தான் நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. கட்டியும் நீரின்மேல் மிதக்கிறது. வெப்பம் சேர்ந்ததும் அந்த அடுக்கு குலைகிறது, துகள்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று வழுகி ஓடத் தொடங்குகின்றன. நடப்பது அவ்வளவே. தராசில் வைத்தால் உருகுமுன் இருந்த எடைதான் உருகிய பின்னும் இருக்கும்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை அதே பூஜ்யம் டிகிரியிலுள்ள நீராக்குவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் அந்த ஒரு கிராம் நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடப் போதுமானது. ஆனால் உருகிக்கொண்டிருக்கும் கட்டியில் வெப்பமானியை வைத்தால் அது அசைவதே இல்லை. அத்தனை வெப்பமும் உள்ளே சென்றுகொண்டிருக்க, வெளியே ஓர் அடையாளமும் தெரிவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் இதைக் கண்டறிந்தார். நம் பாடநூல்கள் இதனை ‘உள்ளுறை வெப்பம்’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கின்றன.

வேதாந்தத்திற்கு இந்தப் பனிக்கட்டி புதிய விருந்தாளி அன்று. பிரஹ்ம ஸூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், கருவிகள் ஏதுமின்றிப் பரம்பொருள் எவ்வாறு உலகைப் படைக்க இயலும் என்று ஓர் ஆட்சேபம் எழுகிறது. பாலைப்போல, என்று ஸூத்திரகாரர் சுருக்கமாக விடை தருகிறார். அதற்கு ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்த எம்பெருமானார், பாலோடு நீரையும் சேர்த்துக்கொள்கிறார்: பால் தயிராவதும் நீர் பனிக்கட்டியாவதும் தம் ஆற்றலாலேயே அன்றோ? சங்கரரின் பாஷ்யத்திலும் இதே இடத்தில் இதே இரண்டு உதாரணங்களும் வருகின்றன. மாறுபட்ட இரு ஸித்தாந்தங்களும் ஒரே பனிக்கட்டியைக் கையிலெடுத்துக்கொண்டு எதிரெதிர்த் திசைகளில் நடப்பது சுவையான காட்சி. போதாயன விருத்தியைத் தேடி இராமாநுசர் கூரத்தாழ்வானுடன் காஷ்மீரம் வரை சென்றதாகக் குருபரம்பரை கூறும். ஸ்ரீபெரும்பூதூரில் பிறந்த அம்மகான் உறைந்த நீரை அந்த யாத்திரையில் கண்ணாலேயே கண்டிருக்கவும் கூடும்.

விசிஷ்டாத்வைதிகளின் கொள்கை இதுதான்: காரியம் என்பது காரணத்தின் வேறு நிலையேயன்றி வேறு பொருள் அன்று. த்ரவ்யம் ஒன்றே, அவஸ்தைதான் மாறுகிறது. முன் அவஸ்தை நீங்குவதைத்தான் உலகம் அழிவென்று சொல்கிறது; பின் அவஸ்தை வருவதைப் பிறப்பென்று சொல்கிறது. நூல்களை நெடுக்கும் குறுக்குமாக அமைத்தால் அதுவே ஆடையென்று பெயர் பெறுவதை ஸூத்திரகாரர் மற்றோர் உதாரணமாகக் காட்டுகிறார். இராஜபாளையத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாள் முதல் பஞ்சு நூலாவதைக் கண்டு வளர்ந்த ஊர் அது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் அதே நூல் புண்ணைக் கட்டும் துணியாகிறது. பஞ்சு எங்கே போயிற்று என்று அங்கே எவரும் அழுவதில்லை.

ஆயினும் எல்லா மாற்றமும் ஒரே வகையன்று என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரின் அடுப்புகள் காட்டிக்கொண்டேயிருக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்ப் பால்கோவா, பாலும் சர்க்கரையும் நெருப்பில் நெடுநேரம் கிளறப்பட்டு உண்டாவது. அதை மறுபடி பாலாக்க எந்தக் கைவல்லவராலும் ஆகாது. பனிக்கட்டியின் நிலை அப்படியன்று. உருகியது மீண்டும் உறையும். உறைந்தது மீண்டும் உருகும். எனவே ஆத்மாவைப் பற்றிப் பேசும்போது எந்த உதாரணத்தைக் கையாள்கிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஜீவன் திரும்பத் திரும்பப் பிறந்து இறந்து சுழல்வதற்குப் பனிக்கட்டி பொருந்தலாம். மீட்சியில்லாத அந்தப் பேற்றுக்கு, ஒருமுறை கோவாவாகிவிட்ட பால்தான் இன்னும் நெருங்கிய உவமை. இனிப்பும் அதில் கூடுதல்.

ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்ஸர் பனிக்கட்டியை வைத்தே ஒரு புகழ்பெற்ற உவமையைச் சொல்லியிருக்கிறார். ஸச்சிதானந்தம் கரையற்ற கடல். பக்தியின் குளிர்ச்சியால் அதில் ஆங்காங்கே நீர் உறைந்து கட்டியாகிறது. பக்தனுக்காக இறைவன் வடிவம் கொள்வது அதுவே. ஞான சூரியன் உதித்ததும் கட்டி உருகிவிடுகிறது என்பது அவர் வாக்கின் கருத்து. இந்த உவமைக்கும் தமிழ்நாட்டுக்கும் விந்தையான ஒரு தொடர்பு நேர்ந்தது. அமெரிக்க வணிகரான பிரெடரிக் டூடர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்துக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். புறப்படும்போது 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்தில் உருகியது போகச் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் அவருக்காக 1842இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் இயந்திரங்களால் ஐஸ் செய்யும் முறை வந்ததும் அவ்வணிகம் நொடித்தது. கட்டடத்தை பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் வாங்கினார். 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியது அங்கேதான். பரமஹம்ஸரின் மற்றொரு சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அவ்வாண்டே அங்கு வந்து மடம் நிறுவினார். அவரே வங்க மொழியில் ஸ்ரீராமாநுஜரின் சரிதத்தையும் எழுதினார். உருகும் பனிக்கட்டியின் உவமையைக் குருவிடம் கேட்டவர், பனிக்கட்டிக்கென்று கட்டிய வீட்டில், ஓர் ஐயங்காரின் உபசரிப்பில் வாழ்ந்து, உருகா வடிவத்தின் ஆசாரியனைப் பற்றி எழுதினார் என்பதை எவர் திட்டமிட்டார்களோ!

அந்த உவமையை ஸ்ரீவைஷ்ணவன் எவ்வாறு ஏற்பான்? மரியாதையோடு மறுப்பான் என்பதே நேர்மையான விடை. எம்பெருமானுடைய திவ்யமங்கள விக்ரஹம் பக்தனின் குளிர்ச்சியால் தற்காலிகமாக உறைந்ததன்று. அது நித்யம், அவனுடைய ஸங்கல்பத்தால் அவனுக்கே உரியது. ஞானம் முதிர்ந்தால் வடிவம் மறையும் என்றால், ஞானத்திற் சிறந்த ஆழ்வார்கள் ஏன் அந்த வடிவத்தையே பாடிப் பாடிச் சலிக்கவில்லை? அர்ச்சாவதாரத்தை ஏணியின் முதற்படியென்று கருதி, ஏறியபின் தள்ளிவிடலாம் என்பது ஆசாரியர்கள் காட்டிய வழியன்று. இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒருபோதும் உருகாத பனியுள்ள இடங்களும் அக்கடலில் உண்டு, சில பக்தர்களுக்கு அவ்வடிவம் நித்யமானது என்று பரமஹம்ஸரே கூறியதாகவும் அவருடைய உரையாடல் பதிவுகளில் இருக்கிறது. உவமையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாதாடுவோர் இரு பக்கத்திலும் உண்டு.

ஜீவனைப் பற்றிய வினா இன்னும் நெருக்கமானது. ஆறுகள் கடலிற் புகுந்து பேரும் வடிவும் இழப்பதாக உபநிஷத்துகள் கூறுகின்றன. அதைக் கொண்டு, முக்தியில் ஜீவன் மறைந்தே போகிறான் என்று கூறுவாருண்டு. ஆனால் தூய நீரில் வார்த்த தூய நீரைப் பற்றிச் சொல்லும் கடோபநிஷத்து, ‘அதுவே ஆகிறது’ என்னாமல் ‘அத்தகையதாகிறது’ என்று பொருள்படும் சொல்லையே ஆள்கிறது. முண்டகமோ மேலான ஒப்புமையை அடைவதைக் கூறுகிறது. ஒப்புமை என்றாலே இருவர் வேண்டும். இழக்கப்படுவன வினை தந்த பெயரும் உருவுமேயன்றி ஆத்ம ஸ்வரூபம் அன்று. ஓர் ஆழாக்கு நீரை ஒரு குடத்தில் வார்த்தால் குடத்தின் நீர் ஓர் ஆழாக்கு உயர்கிறதல்லவா? வார்த்த நீர் இல்லாமற்போயிருந்தால் உயர்ந்தது எது?

இங்கே கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் குறுக்கிடலாம். குவளையில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் உயர்வதில்லையே, அப்படியானால் ஐஸ் தன்னை இழந்துவிட்டது என்றுதானே பொருள் என்பான். அவன் கண்டது உண்மைதான். கொண்ட முடிவு பிழை. மிதக்கும்போதே அக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரை விலக்கித் தனக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. உருகியபின் அதே இடத்தைச் சரியாக நிரப்புகிறது. அதற்கென ஓர் இடம் முன்னமே இருந்தது என்பதைத்தான் அசையாத நீர்மட்டம் காட்டுகிறது. அடியார்க்கென்று ஒரு தொண்டு திருநாட்டில் காத்திருப்பதாகப் பெரியோர் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அப்படியானால் ஜீவனிடத்தில் உருகுவதென்று ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆத்மாவின் ஸ்வரூபம் அணுவாய், மாறாததாய் இருக்கிறது. அதன் குணமாகிய ஞானமோ விரிவதும் சுருங்குவதுமான தன்மையுடையது. இதனைத் தர்மபூத ஞானம் என்பர். ஸம்ஸாரத்தில் கர்மத்தின் குளிரால் அது இறுகிச் சுருங்கிக் கிடக்கிறது. தான், தனது, தன் வீடு, தன் சாதி, தன் வழக்கு என்று அச்சுக்குள் வார்த்த ஐஸைப்போல் அந்தந்த அச்சின் வடிவத்தையே தன் வடிவமென எண்ணுகிறது. அந்த இறுக்கம் தளர்ந்து ஞானம் எல்லையின்றிப் பரவுவதே வீடுபேற்றின் விளைவு. (நீர் உறைந்தால் பருக்கும், ஞானம் உறைந்தால் சிறுக்கும் என்ற வேறுபாட்டை இப்போதே ஒப்புக்கொள்ளலாம். எந்த உவமையும் எல்லா மூலையிலும் பொருந்தாது.) உருகுவது இறுக்கமே; ஆள் அல்ல.

நெடுங்காலம் தொண்டு செய்தும் மனம் இளகவில்லையே என்று வருந்தும் அடியார்கள் எந்தத் திருக்கோயிலிலும் இருக்கிறார்கள். நாற்பதாண்டு மாலை கட்டியவர், கோஷ்டியில் தவறாமல் நின்றவர், தம் தம்பியோடு எல்லைத் தகராறு வந்த அன்று தம் நெஞ்சு அன்றுபோல் இன்றும் கல்லாய் இருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார். இத்தனையும் வீண்தானா என்று கேட்கிறார். வெப்பமானி அசையாததைக் கொண்டு வெப்பம் சேரவில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதைப் பனிக்கட்டி அவருக்குச் சொல்லும். ஆனால் அதையே சாக்காகக் கொண்டு தம்பியின் நிலத்தைத் திருப்பித் தராமலிருப்பதற்கு உள்ளுறை வெப்பம் துணைவராது. கட்டியின் விளிம்பிலேனும் ஒரு துளி கசிந்தாக வேண்டும். மற்றொன்று, பனிக்கட்டி தானாக உருகுவதில்லை. அது சூரியனைத் தேடிச் சென்றதும் இல்லை. வெயில் அதன்மேல் வந்து விழுகிறது. காரணம் கருதாத கிருபையைப் பேசும் ஸம்பிரதாயத்தாருக்கு அந்த வெயில் யாருடையது என்று சொல்ல வேண்டுமா? தன் மேல் கிடக்கும் உமியையும் சாக்கையும் விலக்குவதைத் தடுக்காமலிருப்பதே கட்டியின் பங்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார், கண்டமென்னும் கடிநகரைத் தனித் திருமொழியால் மங்களாசாஸனம் செய்திருக்கிறார். அதுவே இன்றைய தேவப்ரயாகை. கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பிலிருந்து வரும் பாகீரதியும், பத்ரிகாச்ரமத்துக்கு அப்பாலுள்ள பனியாறுகளிலிருந்து வரும் அலகநந்தாவும் அங்கே கலந்து கங்கையென்று பெயர் பெறுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பனியென்றால் மார்கழிப் பனித்துளியே என்றிருந்த ஊரில், நந்தவனம் வைத்துத் தொண்டு செய்த ஆழ்வார் வாழ்த்தியது, ஒரு வகையில், உருகிய பனியைத்தான். அவ்வுருகலுக்கும் ஓர் அளவு இருந்தது. கோடையில் உருகுவதைக் குளிர்காலம் ஈடுசெய்தது. இன்று உலகம் வெப்பமேறி அந்த அளவு கெட்டுவருகிறது. 2021 பிப்ரவரி 7 அன்று பாறையும் பனியும் ஒருசேரச் சரிந்து ரிஷிகங்கையிலும் தௌலிகங்கையிலும் வெள்ளமாய்ப் பாய்ந்து, இருநூறு பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். ஐக்கிய நாடுகள் சபை 2025ஆம் ஆண்டைப் பனியாறுகளைக் காப்பதற்கான ஆண்டாக அறிவித்தது. அங்கே ‘தண்ணியாப் போச்சு’ என்பதில் ‘போச்சு’ என்ற சொல் முழுப் பொருளோடு நிற்கிறது. நீர்த்துகள் ஒன்றும் அழியவில்லை என்ற தத்துவம் அந்தக் கரையோர மக்களுக்கு ஆறுதலாகாது. பொருள் நிலைத்திருந்தாலும் நிலை மாறும்போது வாழ்வு அழியக்கூடும். அவஸ்தையை அற்பமென்று தள்ளிவிட வேதாந்திக்கும் உரிமையில்லை. பகவானின் சரீரமே இவ்வுலகம் என்று சொல்பவர்களுக்கு அது இன்னும் அதிகமாகவே உறைக்க வேண்டும்.

உருகுதல் என்றவுடன் தமிழுலகம் நினைப்பது கோதை நாச்சியாரை. குயிலைத் தூதுவிடும் திருமொழியில் தன் எலும்பும் உருகுவதாகச் சொல்கிறாள். அத்தனை உருகியவள் இறுதியில் திருவரங்கம் சென்று, பெரிய பெருமாள் திருமேனியிற் புகுந்து கலந்தாள் என்பது குருபரம்பரை. இதைக் கேட்டமாத்திரத்தில், இதோ பனிக்கட்டி கடலில் கரைந்துவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். அப்படிச் சொல்பவர் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸந்நிதிக்கு வந்து சேவிக்க வேண்டும். ரங்கமன்னார் மணக்கோலத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் கருடாழ்வார். மறுபக்கம், கலந்தவள், தனியே நிற்கிறாள். நாள்தோறும் இலைகளால் புதிதாய்ச் செய்த கிளியைக் கையில் ஏந்தி நிற்கிறாள். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருவேங்கடமுடையானுக்குப் போகிறது. சூடுவதற்கு ஒருத்தி இல்லாமல் களைந்த மாலை ஏது?

அவள் கலந்து பல காலம் சென்ற பிறகு எம்பெருமானார் இவ்வூருக்கு எழுந்தருளினார். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அளிப்பதாக அவள் வாயால் நேர்ந்திருந்ததை நிறைவேற்றிவிட்டு வந்திருந்தார். அர்ச்சையாய் நின்றவள் சில அடிகள் முன்வந்து, தமையனை அழைப்பதுபோல் ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்றும், அதனால் அவருக்குக் கோயிலண்ணன் என்ற திருநாமம் உண்டாயிற்று என்றும் பெரியோர் கூறுவர்.

ஊஞ்சல் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மனைவிக்கு ஸூத்திரமும் பாஷ்யமும் எட்டாமற்போகலாம். ‘அண்ணா’ என்ற அந்த ஒரு சொல் எட்டும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.